சேரி மாடும் ஊர்ப் புல்லும்

(களப்பணியாளர்களும் மாணவர்களும் கலந்துகொண்ட பயிற்சி முகாம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு மொழி பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



நிகழ்ச்சி நிரலைப் பார்த்துவிட்டு இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். காலையில் பஞ்சமி நிலம், மாலையில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், நடுவில் ‘கறவை மாடு பராமரிப்பு’. என்ன தோழர், பஞ்சாயத்து யூனியன் ஆபீஸ்ல போடுற கூட்டம் மாதிரி இருக்கேன்னு ஒருத்தர் கேட்டார். கேள்வி நியாயமானதுதான். ஆனா நம்ம சேரிகள்ல அரசாங்கம் ‘முன்னேற்றம்’ என்கிற பேர்ல கொண்டுவந்து கட்டினது எதுன்னு யோசிச்சுப் பாருங்க. பெரும்பாலும் ஒரு மாடு. நிலம் கேட்டவனுக்கு மாடு. கூலி உயர்வு கேட்டவனுக்கு மாடு. அந்த மாடு ஏன் நம்ம வீட்டுல நிக்க மாட்டேங்குது என்பதைத்தான் நான் பேச வந்திருக்கிறேன். சேரியில் பிறந்து கால்நடை மருத்துவம் படித்தவன் என்கிற முறையில் மருத்துவமும் பேசுவேன், அரசியலும் பேசுவேன். இந்த விஷயத்தில் இரண்டையும் பிரித்துப் பேச எனக்குத் தெரியாது.

ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டம் என்று 1978இல் தொடங்கி 1999 வரை நடந்ததே, அதில் கறவை மாட்டுக் கடன் பெரிய பங்கு. தாட்கோ வழியாகவும் மாட்டுக் கடன் கொடுத்தார்கள். 2011இல் தமிழக அரசு ஆண்டுக்கு 12,000 கறவைப் பசுக்கள், 7 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்குத் தலா 4 ஆடுகள் என்று விலையில்லாத் திட்டம் அறிவித்தது. இப்படிக் கடனாகவும் இலவசமாகவும் வந்த மாடுகள்ல எத்தனையோ ஒரு கன்று, இரண்டு கன்றோடு முடிஞ்சுபோச்சு. செத்தது பாதி, வித்தது பாதி. கோப்புல என்ன எழுதுவாங்க தெரியுமா? ‘பயனாளி சரிவரப் பராமரிக்கவில்லை.’ அதாவது நமக்கு மாடு வளர்க்கத் தெரியாது!

இதைவிடப் பெரிய பொய் இருக்க முடியாது. இந்த நாட்டில் மாட்டை உள்ளும் புறமும் அறிந்தவர்கள் யார்? எட்டு வயசுல பண்ணைக்காரன் மாட்டை ஓட்டிக்கிட்டுப் போன பையன் நம்ம பையன். எந்தப் புல் கடிச்சா வயிறு ஊதும், எந்த மாடு மந்தையில் பின்தங்குது, எது அசை போடாம நிக்குதுன்னு பொழுதுக்கும் பார்த்தவன் அவன். மாடு செத்ததும் அதை அறுத்தவனும் நம்மாளுதான். ஈரலைப் பிளந்தா இலை மாதிரித் தட்டையா புழு நெளியுறதை எங்க தாத்தா காலத்துல பார்த்திருக்காங்க. ஏரி உள்வாயில் தண்ணி வடிஞ்ச சேத்துல மேஞ்ச மாட்டுக்குத்தான் அது அதிகம்னும் சொல்லியிருக்காங்க. பிற்பாடு கல்லூரிப் பாடத்துல நான் படிச்சது அதேதான். தட்டைப்புழுவின் குஞ்சு நத்தைக்குள் வளருது, நத்தை ஈரச் சேத்தில் இருக்குது, அங்க மேயுற மாடு புல்லோடு சேர்த்து முழுங்குது. நம்ம பெரியவர்களுக்கு நத்தைச் சங்கதி மட்டும்தான் தெரியாது. மீதி முழுக்கத் தெரியும். அறிவு நம்மிடம் இருந்தது, மாடுதான் நம்முடையதாக இல்லை.

இதைச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கை. இந்த அறிவைக் கொண்டாடுகிற சாக்கில் அந்தத் தொழிலைக் கொண்டாடிவிடக் கூடாது. செத்த மாட்டைச் சுமப்பதும் அறுப்பதும் தின்பதும் நாம் விரும்பி எடுத்த வேலை அல்ல, நம் மேல் சுமத்தப்பட்டது. 1927இல் மகாடு மாநாட்டில் அம்பேத்கர் செத்த மாட்டிறைச்சியை விடுங்கள் என்று சொன்னதை மானப் பிரச்சினையாக மட்டும் படிக்கிறோம். அதில் உயிர்ப் பிரச்சினையும் உண்டு. ஆந்த்ராக்ஸ் என்கிற அடைப்பான் நோய் கேள்விப்பட்டிருப்பீர்கள். நேத்து சாயங்காலம் நல்லா மேஞ்ச மாடு காலையில செத்துக் கிடக்கும். மூக்கு, வாய், ஆசனவாய் வழியா கறுத்த ரத்தம் வரும், அது உறையாது. வயிறு சீக்கிரம் ஊதிடும். அந்த மாட்டை அறுத்தா உள்ளே இருக்கிற கிருமி காத்துப்பட்டு வித்தாக மாறும். அந்த வித்து மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோட இருக்கும். அறுத்தவன் கையில கொப்புளம் கிளம்பி நடுவுல கறுப்பா பொருக்குத் தட்டும், வலியே இருக்காது. வலி இல்லாததால ஆஸ்பத்திரிக்கே போகமாட்டான். எத்தனை தலைமுறையா நம்மாளுங்க இப்படிச் செத்தாங்கன்னு யார் கணக்கு வச்சிருக்கா? சாதி சுமத்துன வேலையில செத்தவனை ‘காய்ச்சல்ல போய்ட்டான்’னு எழுதிட்டாங்க.

ஆகவே திடீர்னு செத்த மாடு எதையும் அறுக்கவோ தோல் உரிக்கவோ கூடாது. கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லணும். ஆறடி ஆழம் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைக்கணும். யார் வெட்டுறது? மாட்டுக்காரனும் பஞ்சாயத்தும். 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், செத்த விலங்கை அப்புறப்படுத்தும்படி தலித்தைக் கட்டாயப்படுத்துவதே குற்றம் என்று தெளிவாக இருக்கிறது. சாயங்காலம் அந்தச் சட்டம் பேச வருகிற தோழர் இதை விரிவாகச் சொல்வார். 2002இல் ஹரியானா ஜஜ்ஜார் மாவட்டத்தில் தோல் விஷயமாக ஐந்து தலித்துகளை அடித்துக் கொன்றார்கள். 2016 ஜூலையில் குஜராத் ஊனாவில் செத்த மாட்டின் தோலை உரித்தவர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். அதற்குப் பதிலாக சுரேந்திரநகர் மக்கள் செத்த மாடுகளைக் கொண்டுபோய் ஆட்சியர் அலுவலகத்தில் போட்டார்கள். பிறகு நடந்த பேரணியில், மாட்டு வாலை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், எங்களுக்கு நிலத்தைக் கொடுங்கள் என்றார்கள். நான் இன்றைக்குச் சொல்ல நினைப்பதும் ஏறக்குறைய அதுதான். என்ன, எனக்கு மாடும் வேணும், நிலமும் வேணும்.

சரி, கணக்குக்கு வருவோம். நம்ம வீட்டுக்கு வருகிற கலப்பின ஜெர்சி மாடு சுமார் 350, 400 கிலோ எடை. அதன் உடம்பு எடையில் நூற்றுக்கு இரண்டரை முதல் மூன்று பங்கு உலர்தீவனமாக உள்ளே போக வேண்டும். அதாவது தண்ணீரை நீக்கிப் பார்த்தால் ஒரு நாளைக்குப் பத்து கிலோ. பசும்புல்லில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். ஆக 25 கிலோ புல் அறுத்துப் போட்டாலும் பாதிதான் தேறும். மீதிக்கு வைக்கோல், தவிடு, பிண்ணாக்கு. கறக்கிற ஒவ்வொரு இரண்டரை, மூணு லிட்டருக்கும் ஒரு கிலோ அடர்தீவனம் கூடுதல். தண்ணீரோ நாளைக்கு 60, 70 லிட்டர். வெயில் காலத்தில் இன்னும் அதிகம். சேரித் தெருக்குழாயில் ரெண்டு நாளைக்கு ஒருதரம் தண்ணி வர்ற இடத்துல இந்த எழுபது லிட்டர் எங்கேயிருந்து வரும்? ஒரு மாட்டுக்குப் பத்து சென்ட் தீவனப் புல் போடுங்க, கம்பு நேப்பியர் போடுங்க, வேலிமசால் போடுங்கன்னு அதிகாரிகள் சொல்லுவாங்க. நல்ல யோசனை. அந்தப் பத்து சென்ட் நனைநிலத்தை எந்தச் சேரிக்காரன் வச்சிருக்கான்?

அப்ப புல் எங்கேயிருந்து வருது? ஊர்க்காரன் வரப்புல இருந்து வருது. இங்கதான் விஷயம் இருக்கு. நம்ம அக்கா ஒருத்தி அருவாளோட வரப்புல இறங்குறாள்னா அது சும்மா இல்ல. அவன் களை எடுக்கக் கூப்பிட்ட அன்னைக்கு, அவன் சொன்ன கூலிக்குப் போகணும். வைக்கோலும் அவன் களத்துல இருந்துதான். மாட்டுக்கடன் வாங்கின குடும்பம் வாங்காத குடும்பத்தைவிட ஒரு முடிச்சு கூடுதலா கட்டப்பட்டிருக்கு. வங்கிக்கு ஒரு கயிறு, வரப்புக்காரனுக்கு ஒரு கயிறு. கோயில் நுழைவோ, சுடுகாட்டுப் பாதையோ, தேர்தல்ல நிக்கிறதோ, ஏதாவது பிரச்சினை வந்து ஊர்க்கட்டுப்பாடு போட்டா முதல்ல என்ன செய்யுறான்? டீக்கடையை அடைக்கிறான், கடைச் சாமானை நிறுத்துறான், அதே நாள்ல ‘எங்க வரப்புல கால் வைக்காதே’ன்னு சொல்றான். மனுசன் பழைய கஞ்சி குடிச்சு நாலு நாள் தாங்குவான். கறவை மாடு தாங்காது. மூணாம் நாள் பால் பாதியாகும். பத்தாம் நாள் தரகன் வந்து அடிமாட்டு விலைக்குக் கேட்பான். போராட்டம் உடைகிற இடங்களில் இதுவும் ஒன்று. தலைமையின் துரோகம், காவல்துறை அடக்குமுறை என்று ஆய்வு செய்கிறோமே, பசித்த மாடு கத்துகிற சத்தத்தை எந்த அறிக்கையிலாவது எழுதியிருக்கிறோமா?

பொருளாதாரப் புறக்கணிப்பு இன்றைக்குத் தண்டனைக்குரிய குற்றம். வழக்கு போடலாம், போட வேண்டும். வழக்கு முடியும்வரை மாடு சாப்பிடணுமே. அறுவடை முடிஞ்சதும் நாலைந்து குடும்பம் சேர்ந்து வைக்கோலை வாங்கிப் போர் போட்டு வச்சுடணும். வெறும் வைக்கோலில் சத்து குறைவு, அதை ஏற்றலாம். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைச் சுமார் 60 லிட்டர் தண்ணியில் நல்லாக் கரைச்சு, அடுக்கடுக்காத் தெளிச்சு மிதிச்சு, காத்துப் புகாம தார்ப்பாய் போட்டு மூடி 21 நாள் வைக்கணும். பிறகு எடுத்து நெடி போக ஆறவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாப் பழக்கணும். ஆறு மாசத்துக்கு உட்பட்ட கன்றுக்குக் கொடுக்கக் கூடாது. யூரியாவை நேரா தண்ணியிலயோ தவிட்டுலயோ கலந்து வச்சா மாடு செத்துடும், இதை நூறு தடவை சொல்லுங்க.

அடுத்தது மேய்ச்சல் நிலம். மேய்க்கால் புறம்போக்கு, மந்தைவெளி என்று வருவாய்க் கணக்கில் ஒவ்வொரு ஊருக்கும் பெரும்பாலும் இருந்தது. கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கிற ‘அ’ பதிவேட்டைப் பாருங்க, சர்வே எண்ணோட இருக்கும். காட்ட மறுத்தா 2005 தகவல் உரிமைச் சட்டத்துல கேளுங்க. பதிவேட்டில் பத்து ஏக்கர் இருக்கும், தரையில் போய்ப் பார்த்தா ஒருத்தன் தென்னந்தோப்பு, இன்னொருத்தன் செங்கல் சூளை, மிச்சம் வேலிக்காத்தான். 2011 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஜக்பால் சிங் வழக்கில் கிராமப் பொது நிலங்களில் ஆக்கிரமிப்பை அகற்றச் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனா அந்த மாதிரித் தீர்ப்பைக் கையில எடுத்துக்கிட்டு வருவாய்த் துறை கிளம்பினா முதல்ல இடிக்கப் பார்க்கிறது தோப்பை இல்ல, புறம்போக்குல இருக்கிற நம்ம குடிசையை. அதே தீர்ப்பில், அரசு அறிவிப்பின்படி நிலமற்ற கூலிகளுக்கும் தலித், பழங்குடி மக்களுக்கும் குத்தகையாகக் கொடுத்த இடங்களுக்கு விலக்குக் காட்டியிருக்கிறார்கள். அந்தப் பத்தியை நகல் எடுத்துக் கையில் வையுங்கள்.

இங்கே நமக்குள்ளேயே ஒரு சிக்கல் உண்டு, மறைக்க வேண்டாம். மேய்க்கால் நிலத்தை எல்லாம் மனைப்பட்டாவாகக் கேட்பது நம் இயக்கங்களின் வழக்கம். வீடு வேண்டும், மறுக்கவில்லை. பஞ்சமி நிலத்தை மீட்க 1994 அக்டோபர் 10இல் செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிரைக் கொடுத்தார்கள். நிலம் என்றாலே நமக்குப் பட்டா என்றுதான் காதில் விழும். என் கருத்து என்னவென்றால், ஒரு பகுதியைப் பட்டா போடாமல் சேரிப் பெண்கள் குழுவின் பேரில் தீவன நிலமாகக் கேட்க வேண்டும். தனிப் பட்டாவை ஒரு கல்யாணச் செலவுக்கு, ஒரு ஆஸ்பத்திரிச் செலவுக்கு அடமானம் வச்சு வாங்கிடுவான். பொதுவில் இருக்கிற புல்லை அவ்வளவு சுலபமா வாங்க முடியாது. இதில் மாறுபடுகிற தோழர்கள் இருப்பார்கள், விவாதிப்போம்.

நோய்க்கு வருகிறேன். எல்லா நோயும் சொன்னா ராத்திரி ஆகிடும். கோமாரியை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வாயில் கொப்புளம், குளம்பு நடுவுல புண், எச்சில் நூலா ஒழுகும். நாட்டு மாடு பெரும்பாலும் எழுந்துக்கும், கலப்பினம் எழுந்தாலும் பழைய பால் வராது. பால் குடிக்கிற கன்று சில சமயம் நின்ன இடத்துலயே விழுந்து செத்துடும், கிருமி இதயத் தசையைத் தாக்குறதால. 2019லிருந்து தேசியத் திட்டத்தில் ஆறு மாசத்துக்கு ஒருதரம் இலவசத் தடுப்பூசி. முகாம் எங்க நடக்குது? ஊர்ல, கோயில் திடல்ல, இல்லேன்னா தலைவர் வீட்டு வாசல்ல. சேரி மாட்டை அங்க ஓட்டிக்கிட்டுப் போகக் கூச்சம், போனாலும் கடைசி. அதுக்குள்ள மருந்து தீர்ந்துடும், அல்லது பனிக்கட்டி உருகி மருந்து வீணாகிடும். 2 முதல் 8 டிகிரி குளிர்ச்சியில் இருந்தால்தான் அது மருந்து. சேரிக்குத் தனியா முகாம் கேளுங்க, ஐஸ் பெட்டியைத் திறந்து பாருங்க. ஊசி போட்டா பால் குறையும்னு நம்ம ஆளுங்களே மறைக்கிறதும் உண்டு. ரெண்டு மூணு நாள் குறையத்தான் செய்யும், பிறகு சரியாகிடும். ஊர்ல நூறு மாட்டுக்குப் போட்டு சேரியில முப்பது மாட்டை விட்டுட்டா நோய் அந்த முப்பதுல தங்கி ஊருக்கும்தான் போகும். இதை அவங்க பாஷையிலேயே அவங்களுக்குச் சொல்லலாம்.

மடிநோய் கறக்கிற கையிலிருந்து வருது. கட்டை விரலை மடக்கிக் கறக்காதீங்க, காம்பு உள்ளே நசுங்கும். முழுக்கையால பிடிச்சுக் கறக்கணும். முதல் ரெண்டு பீச்சைக் கறுப்புத் துணியில விட்டுப் பாருங்க, திரிதிரியா இருந்தா நோய் ஆரம்பம். கறந்ததும் காம்புத் துவாரம் அரை மணி நேரம் திறந்திருக்கும். அப்ப மாடு சாணியில படுத்தா கிருமி உள்ளே போகும். அதனால கறந்தவுடனே தீவனம் போட்டு நிக்க வைங்க. கன்று போட்டு ஒண்ணு ரெண்டு நாள்ல மாடு எந்திரிக்க முடியாம கழுத்தை விலாப்பக்கம் திருப்பி வச்சுக்கிட்டு, காது ஜில்லுன்னு கிடந்தா பேய் பிடிக்கலை, கால்சியம் குறைஞ்சிருக்கு. உடனே 1962க்கு அடிங்க, மருத்துவர் வந்து நரம்புல மெதுவா ஏத்துனா ஒரு மணி நேரத்துல எழுந்து நிக்கும். கல்யாண வீட்டு மிச்சச் சோறு மாட்டுக்குப் போடாதீங்க. அது நமக்கு விருந்து, மாட்டுக்கு வயித்துல புளிச்சு உயிரை எடுக்கும். வாடின இளஞ்சோளம் விஷம். கன்று வீசினா வெறுங்கையால தொடாதீங்க, அந்தக் கிருமி மனுசருக்கும் விட்டுவிட்டுக் காய்ச்சல் கொடுக்கும். தொழுவ வேலை முழுக்கப் பெண்கள் தலையில் இருக்கிறதால இது பெண்கள் நோயா ஆகிப்போச்சு.

சினைப்பருவம் தவறுவதுதான் நம் மாடுகள் நட்டத்துக்குப் போக முக்கியக் காரணம். 21 நாளைக்கு ஒருதரம், சுமார் ஒரு நாள்தான் பருவம். கத்தும், கண்ணாடி மாதிரிச் சளி ஒழுகும், மத்த மாடு மேலே ஏறினா நின்னு கொடுக்கும். காலையில கண்டா சாயங்காலம் ஊசி, சாயங்காலம் கண்டா மறுநாள் காலை. இதைக் காண்கிற நேரத்துல அந்தம்மா எங்க இருக்காங்க? விடியக்கால நடவுக்குப் போனவங்க பொழுது சாய்ஞ்சுதான் வர்றாங்க. ஒரு பருவம் தவறினா 21 நாள் வெட்டித் தீவனம், அதுவும் கடன் தீவனம். சேரிக்குள்ள ஒரு வயசான அம்மாவுக்குக் கூலி கொடுத்து எல்லா மாட்டையும் காலையிலயும் சாயங்காலமும் பார்க்கச் சொல்லிக் காலண்டர்ல குறிக்க வைங்க. படிச்ச மாணவர்கள் ஒரு மாசம் செய்யக்கூடிய வேலை இது.

பால் ஊத்துற இடத்துக்கு வந்தா, 2006இல் வெளியான ‘கிராமப்புற இந்தியாவில் தீண்டாமை’ ஆய்வு 11 மாநிலங்களில் 565 கிராமங்களைப் பார்த்தது. கூட்டுறவுச் சங்கத்தில் தலித் வீட்டுப் பாலை வாங்க மறுப்பது அதில் தனியாகப் பதிவாகியிருக்கிறது. எல்லாப் பாலும் ஒரே டேங்கர்ல கலந்து பட்டணம் போகுது, அங்க குடிக்கிறவனுக்குத் தீட்டு இல்ல. ஊத்துற இடத்துல மட்டும் தீட்டு. மறுப்பு வெளிப்படையாக இல்லாத இடங்களில் கொழுப்பு அளவைக் குறைத்து எழுதுவது, கடைசியில் நிற்க வைப்பது. அளவைக் காட்டச் சொல்லி ரசீது வாங்குங்க, ரெண்டு வாரம் சேர்த்து வச்சா அதுவே சாட்சி.

கறவை வற்றின மாட்டையும் காளைக் கன்றையும் விற்க முடிந்தால்தான் அடுத்த மாட்டுக்குத் தீவனம் வாங்க முடியும். 2017 மே மாதம் சந்தையில் இறைச்சிக்கு மாடு விற்கக் கூடாது என்று மத்திய அரசு விதி போட்டது. மதுரை உயர் நீதிமன்றக் கிளை தடை விதித்தது, பிறகு உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுவதும் நீட்டித்தது. பசுவைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டு பசு வளர்க்கிற ஏழையின் கழுத்தில் கை வைத்த விதி அது.

கடைசியாக, சீட்டில் எழுதிக் கேட்ட தோழருக்கு: ‘பசு வளர்ப்பதே பார்ப்பனியத்துக்குள் போவது ஆகாதா?’ என்று கேட்டிருக்கிறார். அப்படியென்றால் எருமை வளருங்கள் தோழர். காஞ்ச அய்லய்யா 2004இல் ‘எருமை தேசியம்’ என்றே புத்தகம் போட்டார். கறுப்பு, யாரும் கும்பிடுவதில்லை, பால் மட்டும் எல்லாருக்கும் வேணும். மருத்துவக் கண்ணாலும் சொல்கிறேன்: வைக்கோல், சோளத்தட்டை மாதிரி முரட்டுத் தீவனத்தை எருமை பசுவைவிட நல்லாச் செரிக்கும். பால்ல கொழுப்பு ஆறு, ஏழு சதம், கொழுப்புக்கு விலை போடுற இடத்துல லாபம். சிரமம் ரெண்டு. பருவத்துக்கு வந்தா பசு மாதிரிக் கத்தாது, ஊமைப் பருவம்னு சொல்லுவாங்க, வெயில் காலத்துல இன்னும் தெரியாது, ராத்திரியில விழிச்சுப் பார்க்கணும். அப்புறம் தோல் கறுப்பு, வேர்வை குறைவு, உச்சி வெயில்ல தண்ணியில கிடந்தே ஆகணும். குட்டை வேணும். உங்க ஊர்க் குட்டை எந்தச் சர்வே எண்ணுல இருக்கு, அதுல சேரி எருமை இறங்க விடுவாங்களான்னு நாளைக்கு ‘அ’ பதிவேடு பார்க்கப் போகும்போது அதையும் சேர்த்துக் குறிச்சுக்கிட்டு வாங்க.